மேட்டு லயத்துக்குத் தண்ணீர் ஏற வேண்டுமானால்

மேட்டு லயத்துக் குழாயில் காலையில் தண்ணீர் வரவில்லை என்றால் வீட்டுப் பெண்கள்தான் முதலில் அவதிப்படுகிறார்கள். குடத்தோடு பள்ளத்துக்கு இறங்கி ஏறவேண்டும், பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பவேண்டும், பெரட்டுக்கும் நேரத்துக்குப் போகவேண்டும். "பெரிய மோட்டார் ஒண்ணு போட்டா சரியாயிடும்" என்று பலரும் சொல்வதுண்டு. அது பாதி உண்மைதான்.

ஊற்று மேலேயும் லயம் கீழேயும் இருந்தால் தண்ணீர் தானாகவே இறங்கி வரும். ஆற்றிலிருந்து மேட்டுக்குக் கொண்டுபோக வேண்டுமானால் பம்பு வேண்டும். கண்டிப் பிரதேசத்துக்காக 2007ஆம் ஆண்டு கட்டுகஸ்தோட்டையில் திறக்கப்பட்ட நிலையம் இப்படிப்பட்டதே. மகாவலி நீரை அங்கே சுத்திகரித்து, உயரத்திலுள்ள தாங்கிகளுக்கு ஏற்றி, பிறகு வீடுகளுக்கு விடுகிறார்கள்.

ஏற்றுவதற்குச் செலவு உண்டு. 1,000 லீற்றர் தண்ணீரை 100 மீற்றர் உயரத்துக்கு ஏற்ற, எந்த நட்டமும் இல்லாவிட்டால் கால் யுனிட்டுக்குச் சற்றுக் கூடுதலான கரண்ட் போதும். ஆனால் பம்பின் உள்ளே சுழலும் சக்கரம் தேய்ந்துபோனால் கரண்டில் பாதிக்கு மேல் வீணாகிறது. நாளொன்றுக்கு 50,000 லீற்றர் ஏற்றும் பம்பு நூற்றுக்கு 40 வீதம் திறனோடு ஓடினால் 34 யுனிட் பிடிக்கும். அதையே 65 வீதத்துக்குக் கொண்டுவந்தால் 21 யுனிட் போதும்.

குழாயையும் பார்க்கவேண்டும். பழைய சின்னக் குழாயிலேயே இரண்டு மடங்கு தண்ணீரைத் தள்ளினால், உராய்வினால் ஏற்படும் தடை ஏறத்தாழ நான்கு மடங்காகிவிடும். மோட்டார் பெரிதாகும், கரண்ட் பில்லும் ஏறும், மேட்டு லயத்துக்கோ கொஞ்சம்தான் கூடும். வழியில் ஒழுக்கு இருந்தால் அதுவும் கிடையாது. ஆகவே பம்பை மாற்றும் முன்னர் ஒழுக்கை அடைப்பதே புத்தி.

ஒரே ஒரு பம்பை நம்பியிருப்பதும் ஆபத்து. அது பழுதானால் திருத்தி முடிக்கும் வரை ஊரே காத்திருக்கவேண்டும். 2022 மார்ச் இறுதியில் 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லாமல் இருந்ததை யாரும் மறக்கவில்லை. மாற்றுப் பம்பு, ஜெனரேட்டர், ஒரு நாளைக்காவது போதுமான தாங்கி ஆகிய மூன்றும் இருந்தால்தான் அதைப் புதுப்பித்த நிலையம் என்று சொல்லலாம்.

நம்முடைய பங்கும் உண்டு. பம்பு நின்றால் குழாயில் அழுத்தம் குறையும். அப்போது வெடிப்புகள் வழியாக வெளி அழுக்கு உள்ளே போகலாம். எனவே தண்ணீர் மறுபடி வரும்போது கலங்கல் தெளியும்வரை ஓடவிட்டுப் பிடியுங்கள், குடிப்பதற்குக் கொதிக்கவையுங்கள். பொதுக் குழாயில் நேரடியாகச் சின்ன மோட்டார் பூட்டி இழுக்காதீர்கள். அது மேட்டு வீட்டுக்காரரின் தண்ணீரைப் பறிப்பதோடு அழுக்கையும் உறிஞ்சிவிடும்.

உங்கள் தோட்டத்தில் பம்பைப் புதுப்பிக்கும் பேச்சு வந்தால் கூட்டத்துக்குப் போங்கள், பெண்களும் போங்கள். "எத்தனை குதிரைவலு?" என்று மட்டும் கேட்காமல், ஒழுக்கை யார் அடைப்பது, மாற்றுப் பம்பு உண்டா, மாதா மாதம் கரண்ட் பில்லை யார் கட்டுவது, பம்பைப் பார்த்துக்கொள்ளப் பழக்கப்பட்ட ஆள் யார் என்றும் கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.