வேரும் வெளிச்சமும்

தருமபுரி மாவட்டத்தில் வானம் பார்த்த புன்செய் நிலங்கள் மிகுதி. கேழ்வரகும் சாமையும் அங்கே பழைய பயிர்கள். பாசன வசதியுள்ள இடங்களில், சிறப்பாகப் பாலக்கோட்டுப் பகுதியில், தக்காளி பெருமளவில் விளைகிறது. விதையை நாற்றங்காலில் முளைக்கவைத்து, ஏறத்தாழ 25 நாள் வளர்ந்த நாற்றை எடுத்து வயலில் நடுவர். அந்த ஒருநாள் மாற்றத்தில் நாற்றுப் பிழைத்தால்தான் உழவர் இட்ட பொருளும் உழைப்பும் பயன் தரும்.

பிடுங்கிய நாற்றின் வேரை ஈரச் சாக்கினால் மூடிவைப்பதும், வெயில் தாழ்ந்த மாலையில் நடுவதும் உழவர் வழக்கம். வேர்முனையை அடுத்துள்ள நுண்ணிய வேர்த்தூவிகளே நீரை மிகுதியாக உறிஞ்சுவன. காற்றும் வெயிலும் பட்டால் அவை விரைவில் உலர்ந்துபோகும். ஆகவே, வெளிப்பட்ட வேர் வாடுவதற்கு முதற்காரணம் உலர்தலே ஆகும்.

அப்படியாயின், ஈரம் குறையாத வேரை வெளிச்சம் ஒன்றும் செய்யாதோ? இதனை அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. இரண்டு கண்ணாடிக் குவளைகளில் நீரை நிரப்பி, அவற்றின் வாயில் மெல்லிய துணியை நீரைத் தொடுமாறு கட்டுக. இரண்டிலும் ஒரே எண்ணிக்கையில் கடுகைத் தூவுக. ஒரு குவளையைச் சுற்றிலும் கறுப்புத்தாளால் மூடி, மற்றொன்றை அப்படியே விடுக. இரண்டையும் ஒரே சாளரத்தருகே வைத்து, குறையும் நீரை அவ்வப்போது நிரப்புக. இரு குவளைகளிலும் வேருக்கு ஈரம் ஒன்றே. வேறுபடுவது ஒளி மட்டுமே. சில நாள் கழித்து வேர்களை அளந்து, சராசரியை ஒப்பிட வேண்டும். ஒரு முளையை மட்டும் கண்டு முடிவு கட்டலாகாது.

மூடாத குவளையில் தண்டு சாளரத்தை நோக்கிச் சாய, வேர் எதிர்ப்புறம் வளைவதைக் காணலாம். சார்லஸ் டார்வினும் அவர் மகன் பிரான்சிசும் கடுகு வேரின் இவ்வியல்பை 1880-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் ஆராய்ந்துள்ளனர். நீலக்கதிரை உணரும் புரதங்கள் வேரிலும் உள்ளன என்பது பின்னர்த் தெரியவந்தது. எல்லாச் செடிகளின் வேரும் ஒரே அளவில் ஒளியை விட்டு விலகுவதில்லை. ஆலம் விழுதோ வெளிச்சத்திலேயே தொங்கி வளர்கிறது.

2015-ஆம் ஆண்டில் ஆய்வாளர் சிலர், தண்டு ஒளியிலும் வேர் இருளிலும் வளருமாறு ஒரு கருவியை அமைத்து, சிறு செடி ஒன்றை ஆராய்ந்தனர். ஒளிபட்ட வேர்கள் நீளத்தில் குறுகின. பக்கவேர்கள் முந்தித் தோன்றின. உப்பு மிகுந்தபோதும் ஊட்டம் குறைந்தபோதும் அவ்வேர்களின் வளர்ச்சி மேலும் தடைப்பட்டது. வேரில் பட்ட ஒளி, செடி பூக்கும் காலத்தையும் மாற்றியது. வேருக்கு நேர்ந்தது வேரோடு நிற்பதில்லை என்பது இதனால் புலனாகும்.

இன்று நாற்றுகள் பெரும்பாலும் தென்னைநார்க்கழிவு நிரப்பிய குழித்தட்டுகளில், நிழல்வலைக் குடில்களில் வளர்கின்றன. ஒளி புகாத கறுப்புத் தட்டு வேருக்கு இருளைத் தருகிறது; நாற்றை எடுக்கும்போது வேர்ப்பிடிப்பும் கலைவதில்லை. நட்ட பின்னும் மழையால் அடிமண் கரைந்து வேர் வெளிப்பட்டால், உழவர் மண் அணைக்கின்றனர். அந்த ஒரு கைப்பிடி மண் வேருக்கு ஈரத்தையும் பிடிப்பையும் இருளையும் ஒருங்கே அளிக்கிறது. இலைக்கு ஒளி எத்துணை இன்றியமையாததோ, இளவேருக்கு இருளும் அத்துணை நலம் பயப்பதாகும்.