'மெல்பேர்ன்ல இருந்து ஒரு எட்டு உலூரு போயிட்டு வரலாமா?' - ஆஸ்திரேலியா சுற்றக் கிளம்பும் முன் தெரிஞ்சுக்க வேண்டியவை!

"ஏம்மா, மெல்பேர்ன்ல இருந்து கார் எடுத்துக்கிட்டு ஒரு எட்டு உலூரு பாறையைப் பாத்துட்டு, அப்படியே பெர்த்துல கடல்ல கால் நனைச்சுட்டு, ஞாயித்துக்கிழமை நைட்டு வீடு திரும்பிடலாம்ல? நைட்டுல ஓட்டினா டிராஃபிக்கும் இருக்காது."

போன மாதம் பெரியப்பா போனில் கேட்ட கேள்வி இது. அக்கா மெல்பேர்னில் செட்டில் ஆகி ஆறு வருஷம் ஆச்சு. பெரியப்பா இப்போதுதான் ரிட்டயர் ஆகியிருக்கிறார். பெரியம்மாவுக்கு முட்டிவலி. இரண்டு பேருக்கும் இதுதான் முதல் வெளிநாட்டுப் பயணம், அதுவும் பி.எஃப் பணத்தில் ஒரு பகுதியை எடுத்து. "திரும்ப எப்போ போவோமோ தெரியாது, மொத்தத்தையும் பாத்துடணும்" என்பது அவர் கணக்கு. அக்காவுக்குக் கிடைத்திருக்கும் லீவோ ஒரே ஒரு வாரம்.

உங்கள் வீட்டிலும் மகனோ மகளோ சிட்னியிலோ மெல்பேர்னிலோ இருக்கலாம். நீங்களும் இப்படி ஒரு மேப்பை விரித்து வைத்துக்கொண்டு விரலால் கோடு போட்டுக்கொண்டிருக்கலாம். அந்தக் கோட்டைப் போடும் முன், இதைக் கொஞ்சம் படிச்சுடுங்க.

மேப் சொல்லாத தூரம்

ஆஸ்திரேலியாவின் பரப்பளவு சுமார் 77 லட்சம் சதுர கி.மீ. இந்தியாவைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். ஆனால் மக்கள்தொகை, தமிழ்நாட்டு மக்கள்தொகையில் பாதிகூடக் கிடையாது. அவர்களிலும் பெரும்பாலானவர்கள் கடலோர நகரங்களில்தான் வாழ்கிறார்கள். நடுவில் இருப்பது ஊர்கள் இல்லை, தூரம்தான்.

பெரியப்பாவின் திட்டத்தையே எடுத்துக்கொள்வோம். மெல்பேர்னிலிருந்து உலூருவுக்குச் சாலை வழியாகச் சுமார் 2,300 கி.மீ. அங்கிருந்து தார்ச்சாலையை விடாமல் பெர்த் போக 3,600 கி.மீ-க்கும் மேல். திரும்ப மெல்பேர்ன் வர இன்னொரு 3,400 கி.மீ. ஆகமொத்தம் 9,000 கி.மீ தாண்டுகிறது. கன்னியாகுமரியிலிருந்து ஸ்ரீநகர் வரை காரில் போய்த் திரும்பி வந்தால்கூட இவ்வளவு தூரம் வராது!

நம்மூரில் 2,000 கி.மீ என்றால் வழியெல்லாம் டீக்கடை, மெக்கானிக், பஞ்சர் கடை, கூப்பிட்டால் ஓடிவர நாலு பேர். அங்கே உள்பகுதியில் ஒரு ரோடுஹவுஸை விட்டால் அடுத்தது 100, 200 கி.மீ தள்ளித்தான் வரும். பெட்ரோல், சாப்பாடு, தங்கும் அறை எல்லாமே அந்த ஒரு கட்டடம்தான். தென்பகுதியில் நல்லார்பர் சமவெளியைக் கடக்கும் அயர் நெடுஞ்சாலையில் 146.6 கி.மீ-க்கு ஒரு வளைவுகூடக் கிடையாது. ஸ்டீயரிங்கைத் திருப்ப வேலையே இல்லாதபோது கண் சொக்கிக்கொண்டு வருமே, அதுதான் அந்தச் சாலையின் பெரிய ஆபத்து.

சாயங்காலம் ஆனால் சாவியைக் கீழே வைங்க

"டிராஃபிக் இருக்காது" என்று பெரியப்பா சொன்னது உண்மைதான். ஆனால் ராத்திரியில் கங்காரு இருக்கும்.

கங்காருக்கள் மேயக் கிளம்புவது மாலை மங்கும் நேரத்தில். இரவு முழுக்க, விடியும் வரை சாலையோரத்தில் நடமாடும். ஹெட்லைட் வெளிச்சத்தில் மிரண்டு எந்தப் பக்கம் தாவும் என்று சொல்லவே முடியாது. குறுக்கே வந்தால் நம் கை தானாகவே ஸ்டீயரிங்கைத் திருப்பப் பார்க்கும். 110 கி.மீ வேகத்தில் அப்படித் திருப்பினால் கார் உருண்டுவிடும். நேராகப் பிடித்துக்கொண்டு பிரேக் போடுங்கள் என்பதுதான் அங்கே சொல்லித்தரும் பாடம். உள்ளூர்க்காரர்களே நகரத்துக்கு வெளியே இருட்டில் வண்டி எடுக்க யோசிப்பார்கள்.

வாடகைக் கார் எடுப்பவர்கள் ஒப்பந்தத்தை வரி வரியாகப் படியுங்கள். நகர எல்லைக்கு வெளியே இரவில் ஓட்டி விலங்கு மீது மோதினாலோ, மண்சாலையில் இறக்கினாலோ இன்ஷூரன்ஸ் செல்லாது என்ற நிபந்தனை பல ஒப்பந்தங்களில் உண்டு. ஒரு விபத்தில் மொத்த காரின் விலையும் உங்கள் தலையில் விழலாம்.

உள்பகுதியில் எதிரே வரும் இன்னொரு ஆச்சர்யம், 'ரோடு டிரெயின்'. ஒரே லாரி மூன்று, நான்கு டிரெய்லர்களை இழுத்துக்கொண்டு வரும். நீளம் 53.5 மீட்டர் வரை. நம்மூர் அரசு பஸ் நாலை வரிசையாக நிறுத்தினாலும் அந்த நீளம் வராது. முன்னால் ஒரு கிலோமீட்டருக்கு மேல் சாலை காலியாகத் தெரிந்தால் மட்டுமே முந்துங்கள். இல்லையென்றால் பொறுமையாகப் பின்னாலேயே போங்கள். அவசரப்பட்டு ஆகப்போவது எதுவும் இல்லை.

நமக்கு ஒரு நல்ல விஷயம், அங்கேயும் இடதுபக்கம்தான் ஓட்ட வேண்டும். ஆங்கிலத்தில் இருக்கும் இந்திய லைசென்ஸோடு சுற்றுலாப் பயணிகள் கார் ஓட்டலாம். ஆர்.டி.ஓ அலுவலகத்தில் சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் வாங்கி வைத்துக்கொண்டால் கேள்வி வராது. பின்சீட்டில் உட்காருபவருக்கும் சீட் பெல்ட் கட்டாயம்!

வண்டி நின்னுட்டா?

உள்பகுதி நெடுஞ்சாலைகளில் ஊரைத் தாண்டியதும் போனில் சிக்னல் போய்விடும். விமான நிலையத்தில் மலிவாகக் கிடைக்கிறதே என்று ஒரு சிம் வாங்காதீர்கள். ஊர்ப்புறங்களில் கவரேஜ் அதிகம் டெல்ஸ்ட்ரா நெட்வொர்க்குக்குத்தான். மேப்பை முன்கூட்டியே டவுன்லோடு செய்துகொள்ளுங்கள். எத்தனை மணிக்குக் கிளம்புகிறீர்கள், எப்போது எங்கே போய்ச் சேருவீர்கள் என்பதை ஒருவரிடமாவது சொல்லிவிட்டுப் போங்கள். சேரவேண்டிய நேரத்தில் சேரவில்லை என்றால் தேட ஆரம்பிப்பது அவர்தான்.

அப்படியும் வண்டி நின்றுவிட்டால் ஒரே விதி: வண்டியை விட்டு நகராதீர்கள். "கொஞ்ச தூரம் நடந்து பாக்கலாம்" என்று வெயிலில் இறங்கி நடந்து உயிரை விட்டவர்கள் அங்கே உண்டு. ஆகாயத்திலிருந்து தேடுபவர்களுக்குக் கார் கண்ணில் படும், தனியாக நடக்கும் மனிதர் பட மாட்டார். கார் நிழலும் தரும். அதனால் ஆளுக்கு நிறைய தண்ணீர் எப்போதும் வண்டியில் இருக்கட்டும். அவசர உதவிக்கு எண் 000.

தண்ணியிலயும் கவனம்

கடற்கரையில் சிவப்பு-மஞ்சள் கொடி இரண்டு நட்டிருப்பார்கள். அந்த இரண்டு கொடிக்கும் நடுவில் மட்டும்தான் உயிர்காப்பாளர்கள் கண்காணிப்பார்கள். கொடிக்கு வெளியே அலையே இல்லாமல் அமைதியாகத் தெரியும் இடம்தான் பல நேரம் ஆளை உள்ளே இழுக்கும் நீரோட்டம். மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போட்டுக் களைத்துப் போகாதீர்கள். மிதந்தபடி கையை உயர்த்திக் காட்டுங்கள்.

வடக்கே டார்வின், கெய்ர்ன்ஸ் பக்கம் கதையே வேறு. அங்கே ஆற்றிலும் கடலோரத்திலும் முதலைகள் இருக்கும். எச்சரிக்கைப் பலகை இருந்தால் கால்கூட நனைக்காதீர்கள். ஏறக்குறைய நவம்பர் முதல் மே வரை கடலில் விஷ ஜெல்லி மீன்களும் உண்டு.

எப்போ போகலாம்?

நமக்கு மார்கழி என்றால் அவர்களுக்குக் கோடை. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை உலூரு பக்கம் 40 டிகிரி சாதாரணம். பக்கத்திலுள்ள காட்டா ஜுட்டாவில் வெயில் 36 டிகிரியைத் தொடும் நாட்களில், காலை 11 மணிக்குமேல் நீண்ட நடைபாதையை மூடியே விடுவார்கள். வடக்கே நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை மழைக்காலம். காக்கடு தேசியப் பூங்காவில் பல சாலைகள் தண்ணீருக்கடியில் போய்விடும்.

நம் பள்ளி விடுமுறையான ஏப்ரல்-மே, அங்கே இலையுதிர் காலம். மெல்பேர்னில் ஸ்வெட்டர் போடும் குளிர், உலூருவில் இதமான பகல். மே மாதத்தில் வடக்கேயும் மழை ஓய்ந்திருக்கும். அந்தவகையில் நமக்கு அதிர்ஷ்டம்தான்.

இன்னொன்று, கடிகாரம். கோடையில் சில மாநிலங்கள் மட்டும் ஒரு மணி நேரத்தை முன்னால் தள்ளி வைக்கும், சில வைக்காது. அப்போது ஒரே நாட்டில் ஐந்து நேரக் கணக்கு! சிட்னிக்கும் பெர்த்துக்கும் மூன்று மணி நேரம் வித்தியாசம். ஃப்ளைட்டைத் தவறவிட இதுவே போதும்.

ஊறுகாயை ஒளிச்சு வைக்காதீங்க

மகளைப் பார்க்கப் போகும் அம்மா வெறும் பெட்டியோடா போவார்? ஆனால் ஆஸ்திரேலியாவில் பயிர்நோய், பூச்சி பற்றிய கட்டுப்பாடு மிகக் கடுமை. ஊறுகாய், பொடி, இனிப்பு, பருப்பு, விதை, மரப்பொருள்... எது இருந்தாலும் வருகைப் படிவத்தில் 'ஆம்' என்று குறித்துவிடுங்கள். உண்மையைச் சொன்னால் அதிகபட்சம் அந்தப் பொருளை எடுத்துக்கொள்வார்கள். மறைத்தால் பெரிய அபராதம், விசாவே ரத்தாகவும் வாய்ப்பு உண்டு. கறிவேப்பிலை, பழம் போன்ற பச்சைப் பொருள்களை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

இது மாநில எல்லையிலும் தொடரும். தென் ஆஸ்திரேலியாவிலிருந்து காரில் மேற்கு ஆஸ்திரேலியாவுக்குள் நுழைந்தால் பழம், காய்கறி, தேன்கூட வாங்கி வைத்துவிடுவார்கள்.

பி.பி, சுகர் மாத்திரைகளை அதன் அட்டையோடும், டாக்டரின் ஆங்கிலக் கடிதத்தோடும் கொண்டுபோங்கள். மூன்று மாதத்துக்குத் தேவையான அளவு வரை அனுமதி. அங்குள்ள அரசு மருத்துவக் காப்பீடு இந்தியச் சுற்றுலாப் பயணிகளுக்குக் கிடையாது. ஒரு நாள் ஆஸ்பத்திரியில் படுத்தாலே லட்சங்களில் பில் வரலாம். டிராவல் இன்ஷூரன்ஸில் மட்டும் சிக்கனம் வேண்டாம். ஏற்கெனவே இருக்கும் நோய்களுக்கும் அது பொருந்துமா என்று கேட்டு வாங்குங்கள்.

அப்போ எப்படித்தான் சுத்துறது?

தூரத்தை ஃப்ளைட்டுக்கு விட்டுவிடுங்கள், பக்கத்தைக் காரில் பாருங்கள். இவ்வளவுதான் சூத்திரம். மெல்பேர்னிலிருந்து உலூருவுக்கு விமானத்தில் ஏறக்குறைய மூன்று மணி நேரம். முன்கூட்டியே பதிவு செய்தால், நாள்கணக்கில் கார் ஓட்டும் பெட்ரோல், தங்கும் செலவைவிடக் குறைவாகவே முடியும்.

ரயில் ஆசை இருக்கிறதா? டார்வின் - அடிலெய்டு இடையே 2,979 கி.மீ ஓடும் 'தி கான்', சிட்னி - பெர்த் இடையே 4,352 கி.மீ ஓடும் 'இந்தியன் பசிபிக்' இரண்டும் உலகப் புகழ் பெற்றவை. பாலைவனத்தில் ஒட்டகம் ஓட்டி வாழ்ந்தவர்களை அங்கே பொதுவாக 'ஆப்கன்' என்றே அழைத்தார்கள். அந்தப் பெயரின் மிச்சம்தான் 'கான்'. ஆனால் இவை ஓடும் சொகுசு ஹோட்டல்கள், கட்டணமும் அப்படித்தான். சாதாரண ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து ஊர் பார்க்க ஆசைப்பட்டால் சிட்னி - மெல்பேர்ன் ரயில் போதும். சுமார் 11 மணி நேரம்.

உலூருவில் பாறை மேல் ஏறும் திட்டம் இருந்தால் மறந்துவிடுங்கள். அந்த மண்ணின் பூர்வகுடிகளான அனங்கு மக்களுக்கு அது புனிதத் தலம். 1985 அக்டோபர் 26-ல் அந்த நிலம் அவர்களிடம் திருப்பித் தரப்பட்டது. 2019-ல் அதே தேதியிலிருந்து ஏறுவதற்குத் தடை. சில இடங்களைப் படம் எடுக்கக் கூடாது என்று பலகையும் இருக்கும். நம்மூர் கோயிலில் கருவறையைப் போட்டோ எடுக்கிறோமா என்ன? சுற்றி நடக்கச் சுமார் 10 கி.மீ. முடியாதவர்கள் காரிலேயே சுற்றலாம், முட்டிஜுலு நீர்நிலை வரை போகும் சின்ன நடைபாதையில் சக்கர நாற்காலியே போகும்.

பெரியப்பாவின் புது மேப்

இதையெல்லாம் சொல்லி முடித்ததும் பெரியப்பா கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. "அப்போ பெர்த் கிடையாதா?" என்றார். குரலில் வருத்தம் தெரிந்தது. பின்னாலிருந்து பெரியம்மாவின் குரல், "நான் பாறையைப் பாக்கவா போறேன், பொண்ணைப் பாக்கத்தானே போறேன்!"

இரண்டு நாள் கழித்துப் புதுத் திட்டம் வாட்ஸ்அப்பில் வந்தது. விமானத்தில் உலூரு, இரண்டு இரவு. அப்புறம் அக்காவோடு காரில் கிரேட் ஓஷன் ரோடு. முதல் உலகப்போரிலிருந்து திரும்பிய வீரர்கள், இறந்துபோன தங்கள் தோழர்களின் நினைவாகப் போட்ட 243 கி.மீ கடலோரச் சாலை அது. ஒரு நாள் மாலை ஃபிலிப் தீவில், கடலிலிருந்து வரிசையாக வீடு திரும்பும் குட்டிப் பென்குயின்கள். மீதி நாள்கள் எல்லாம் 'வீடு' என்று மட்டும் எழுதியிருந்தார்.

அந்த நாட்டை ஒரே தடவையில் பார்த்து முடித்தவர்கள் யாரும் இல்லை. அங்கேயே பிறந்து வளர்ந்தவர்களில்கூடப் பலர் உலூருவைப் பார்த்ததில்லை. நீங்களும் உங்கள் மேப்பில் ஒரு மூலையை மட்டும் வட்டம் போடுங்கள். மிச்சம் இருக்கிறது என்பதே திரும்பப் போக ஒரு காரணம்தானே!