நூறு ஆண்டுப் பூட்டு

1911 ஏப்ரல் 2, ஞாயிற்றுக்கிழமை. அன்றிரவு அயர்லாந்தில் எந்த வீட்டில் யார் யார் படுத்திருந்தார்கள் என்பதை இன்று உலகின் எந்த மூலையில் இருந்தும் பார்த்துவிடலாம். காசு கொடுக்க வேண்டாம், அனுமதிக் கடிதம் வேண்டாம். டப்ளினில் உள்ள தேசிய ஆவணக் காப்பகம் 1901, 1911 ஆண்டுகளின் மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் படிவங்களைப் படமெடுத்து இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. 1841-ல் ஏறத்தாழ 82 லட்சமாக இருந்த அந்தத் தீவின் மக்கள்தொகை, பஞ்சத்தாலும் கப்பலேறிப் போனதாலும் 1911-ல் 44 லட்சமாகச் சுருங்கியிருந்தது. போனவர்களின் பேரன் பேத்திகள் அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் இருந்துகொண்டு, தங்கள் பூர்வீகத்தைத் தேடி முதலில் தட்டும் கதவு இந்தப் படிவங்கள்தான்.

படிவம் என்றதும் நம்மூரில் அதிகாரி எழுதிக்கொண்டு போகும் தாள் நினைவுக்கு வரும். அங்கே குடும்பத் தலைவரே தன் கையால் எழுத வேண்டும். எழுதத் தெரியாதவருக்கு, கணக்கெடுக்க வந்த போலீஸ்காரரே எழுதிக்கொடுப்பார். தலைவர் கீழே ஒரு பெருக்கல் குறி போடுவார். அதுதான் கையெழுத்து. பெயர், உறவுமுறை, மதம், எழுதப் படிக்கத் தெரியுமா, வயது, தொழில், பிறந்த மாவட்டம், ஐரிஷ் மொழி பேசுவாரா என்று வரிசையாகக் கட்டங்கள். பின்னாளில் பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான 1916 எழுச்சிக்குத் தலைமை தாங்கித் துப்பாக்கிக் குண்டுக்கு இரையான பேட்ரிக் பியர்ஸ், 1911 படிவத்தில் தன் பெயரை ஆங்கிலத்தில் எழுதவில்லை. போட்ரிக் மக் பியரஷ் என்று ஐரிஷில் எழுதினார். அரசாங்கம் கொடுத்த தாளிலேயே அரசியல் பேசிவிட்டார் மனிதர்!

1911 படிவத்தில் புதிதாகச் சேர்ந்த மூன்று கட்டங்களைப் பார்க்கும்போதுதான் கை நின்றுவிடும். மணமான பெண்களுக்கானவை அவை. திருமணமாகி எத்தனை ஆண்டு, உயிரோடு பிறந்த பிள்ளைகள் எத்தனை பேர், இப்போது இருப்பவர்கள் எத்தனை பேர்? இரண்டாவது எண்ணிலிருந்து மூன்றாவதைக் கழித்தால், எந்தக் கல்லறையிலும் பெயர் பொறிக்கப்படாத குழந்தைகளின் கணக்கு வந்துவிடும். விதவைகள் இந்தக் கட்டங்களை நிரப்பத் தேவையில்லை. ஆனால் பலர் நிரப்பியிருக்கிறார்கள். அதிகாரி பிறகு கோடு போட்டு அடித்திருக்கிறார். அடித்த கோட்டுக்கு அடியில் எண்கள் இன்றும் தெளிவாகத் தெரிகின்றன. விதிப்படி வேண்டாத அந்த எண்களைத்தான் கொள்ளுப்பேத்திகள் தேடி வருகிறார்கள்.

போலீஸ்காரர் தனியாக எழுதிய தாள்களும் உண்டு. சுவர் கல்லா மண்ணா, கூரை ஓடா வைக்கோலா, முன்பக்கம் எத்தனை ஜன்னல், எத்தனை அறையில் எத்தனை பேர் என்பதை ஒரு தாள் சொல்லும். மாட்டுக்கொட்டகை, பன்றிக்கொட்டில், கோழிக்கூடு எத்தனை என்பதை இன்னொன்று சொல்லும். தாத்தாவின் செல்வாக்கைப் பற்றி வீட்டில் சொல்லிவந்த கதைகள் சில இந்தத் தாளைப் பார்த்ததும் வாயை மூடிக்கொள்ளும்.

வயதுக் கட்டம் மட்டும் நம்பிக்கைக்கு உரியதல்ல. 1901-ல் 57 என்று எழுதியவர் 1911-ல் 71 என்று எழுதியிருப்பார். இப்படி ஒருவர் இருவர் அல்ல, நாடு முழுக்க உண்டு. காரணம் எளிது. 1908-ல் முதியோர் பென்ஷன் சட்டம் வந்தது. 1909 ஜனவரி முதல் 70 வயதைத் தாண்டிய ஏழைகளுக்கு வாரம் ஐந்து ஷில்லிங் வரை கிடைத்தது. அயர்லாந்தில் எல்லோருடைய பிறப்பையும் அரசு பதிவு செய்யத் தொடங்கியதோ 1864-ல்தான். பிறந்த சான்றிதழ் இல்லாத கிழவரிடம் வயதை எப்படிக் கேட்பது? 1839 ஜனவரி 6 இரவு வீசிய பெரும்புயல் நினைவிருக்கிறதா என்று கேட்டார்கள். நம் பாட்டிமார் தாது வருஷப் பஞ்சத்தை வைத்து வயது சொன்ன மாதிரிதான். புயல் எல்லோருக்கும் நினைவிருந்தது!

அதனால் அதிகாரிகள் பழைய கணக்கெடுப்பைப் புரட்ட வேண்டியதாயிற்று. விண்ணப்பித்தவர் தாய் தந்தையின் பெயர், ஊர், வட்டாரம் எழுதிக்கொடுத்தால், டப்ளின் ஆவண அலுவலகத்தில் 1841, 1851 படிவங்களில் தேடி, அந்தக் குடும்பத்தில் இந்தப் பிள்ளைக்கு அப்போது என்ன வயது என்று ஒரு சீட்டில் குறித்து அனுப்பினார்கள். முன்னோரைத் தேட அல்ல, வாரம் ஐந்து ஷில்லிங்குக்காகப் பழைய சென்சஸைத் தேடியவர்கள் இந்த முதியவர்கள்.

பிறகு வந்தது 1922. உள்நாட்டுப் போரில் டப்ளினின் ஃபோர் கோர்ட்ஸ் நீதிமன்ற வளாகம் பீரங்கித் தாக்குதலுக்கு உள்ளானது. ஜூன் 30-ம் தேதி வெடிப்பில் அங்கிருந்த அந்த ஆவண அலுவலகம் எரிந்தது. 1821 முதல் 1851 வரையிலான கணக்கெடுப்புகளில் சில துண்டுகள் தவிர எல்லாம் சாம்பல். பலர் இந்தத் தீயையே திட்டுவார்கள். ஆனால் 1861, 1871 படிவங்களைப் புள்ளிவிவரம் எடுத்த கையோடு அழித்தது அரசாங்கம். 1881, 1891 படிவங்கள் முதல் உலகப் போர்க் காலத்தில் காகிதக் கூழுக்குப் போயின. தீ வைத்தவர்களைவிடக் கோப்பைக் கழித்துக்கட்டிய குமாஸ்தாக்கள் செய்த சேதம் குறைவல்ல என்பேன். 1841, 1851-ல் ஆயிரக்கணக்கான குடும்பங்களைப் பற்றி இன்று மிஞ்சியிருப்பது, பென்ஷனுக்காக எழுதிய அந்தச் சீட்டுகள் மட்டுமே.

மிஞ்சிய 1901, 1911 படிவங்களில் தேடுகிறவர்களுக்குச் சொல்லித்தரும் சூட்சுமங்கள் சில உண்டு. பெயரின் எழுத்தைப் பிடித்துத் தொங்காதீர்கள். ஓ'பிரையன் ஒரு தாளில் வெறும் பிரையனாக இருப்பார். பெயர் கிடைக்காவிட்டால் ஊரைப் பிடித்து, வீடு வீடாகப் புரட்டுங்கள். பக்கத்து வீட்டில் மாமியார் இருப்பார். சிறையிலும் மனநல விடுதியிலும் இருந்தவர்களுக்கு முதலெழுத்துகள் மட்டும்தான். போலீஸ் குடியிருப்பில் இருந்தவர்களுக்கும் அப்படியே.

நம் நாட்டுக்கு வருவோம். 1881 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை தவறாமல் தலையெண்ணி வந்த நாடு இது. 2021-ல்தான் அந்த வரிசை தவறியது. ஆனாலும் 1911-ல் உங்கள் கொள்ளுத்தாத்தா வீட்டில் யார் இருந்தார்கள் என்று பார்க்க வழியில்லை. நமக்குக் கிடைப்பவை மாவட்ட வாரியான மொத்தங்களும் அட்டவணைகளும். 1948 சென்சஸ் சட்டத்தின் 15-வது பிரிவு, கணக்கெடுப்பு ஆவணங்களைப் பார்வையிடும் உரிமை எவருக்கும் இல்லை என்கிறது. எத்தனை ஆண்டுக்கு என்று ஒரு வரம்பும் அதில் இல்லை.

ரகசியத்துக்கு நியாயம் இல்லாமல் இல்லை. அஸ்ஸாமைப் பாருங்கள். 1951 கணக்கெடுப்பை ஒட்டி அங்கே எழுதப்பட்ட குடிமக்கள் பதிவேட்டில் தாத்தா பெயர் இருக்கிறதா என்று குடியுரிமையை நிரூபிக்க 2015 முதல் கோடிக்கணக்கானோர் தேடினார்கள். அதிலோ, 1971 மார்ச் 24 வரையிலான வாக்காளர் பட்டியல் போன்ற வேறு ஆவணங்களிலோ முன்னோர் பெயரைக் காட்டி, அவருக்கும் தனக்கும் உறவு என்று நிரூபிக்க வேண்டியிருந்தது. 2019 ஆகஸ்ட் 31-ல் வந்த குடிமக்களின் இறுதிப் பட்டியலில் 19 லட்சத்துக்கும் அதிகமானோருக்கு இடம் கிடைக்கவில்லை. உயிரோடு இருப்பவர்களுக்கு ஒரு பழைய தாள் எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

அதற்குத்தான் மற்ற நாடுகள் காலப் பூட்டு போடுகின்றன. அமெரிக்காவில் 72 ஆண்டு. 1950 கணக்கெடுப்பை 2022 ஏப்ரலில் திறந்தார்கள். பிரிட்டனில் 100 ஆண்டு. அயர்லாந்திலும் 100 ஆண்டு. சுதந்திர நாடாக அவர்கள் 1926 ஏப்ரல் 18-ல் எடுத்த முதல் கணக்கெடுப்புக்கு அந்தக் கெடு 2026 ஏப்ரலோடு முடிகிறது. எழுதியவரும் எழுதப்பட்டவரும் பெரும்பாலும் போய்ச் சேர்ந்த பிறகு, தாள் குடும்பத்துக்குத் திரும்புகிறது.

2027 மார்ச் 1-ஐக் கணக்கு நாளாக வைத்து இந்தியா எடுக்கப்போவது டிஜிட்டல் கணக்கெடுப்பு. மூட்டை கட்டி வைக்க இடமில்லை, கரையான் அரித்துவிட்டது என்ற சாக்குகளுக்கு இனி இடமில்லை. 15-வது பிரிவில் ஒரு வரி சேர்த்தால் போதும்: வீடுவாரியான தரவு அழிக்கப்படாது, 100 ஆண்டுக்குப் பின் திறக்கப்படும். இதைக் கேட்க வேண்டியது நாம்தான், இப்போதே கேட்க வேண்டும்.