கல்லும் உளியும் இல்லாத சிற்பம்

தவக்காலத்து வெள்ளிக்கிழமை மாலை. சிலுவைப்பாதை முடிந்து மக்கள் கலைந்த பின்னும், பங்கு இல்லத்துத் திண்ணையில் ஒரு தாயும் மகனும் காத்திருந்தனர். பையன் பன்னிரண்டாம் வகுப்பை முடித்தவன். தாயின் முந்தானை முடிச்சில் ஒரு சங்கிலி இருந்தது.

"சாமி, இவன் கம்ப்யூட்டர்ல சிலை செய்யப் படிக்கணுமாம். பட்டணத்துல ஒரு இடத்துல ஒன்றரை லட்சம் கேக்குறாங்க. முடிச்ச உடனே வேலைன்னு சொல்றாங்க. இதை அடகு வைக்கலாமா? நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க."

சுரூபம் என்றால் மரம், கல், சுண்ணாம்புச் சாந்து என்றே அறிந்திருந்த எனக்கு உடனே விடை கூற இயலவில்லை. "முதலில் நீ செய்ததைக் காட்டு, தம்பி" என்றேன்.

மறுநாள் தன் அக்காள் பள்ளியில் பெற்ற அரசு மடிக்கணினியுடன் வந்தான். அதில் 'பிளெண்டர்' என்ற மென்பொருளின் பழைய பதிப்பு ஒன்று ஓடியது. புதிய பதிப்பை அந்தப் பழைய கருவி தாங்காதாம். புதிய கோப்பைத் திறந்தவுடன் திரையில் ஒரு கனசதுரம், ஒரு விளக்கு, ஒரு காமிரா ஆகிய மூன்று மட்டுமே தோன்றுகின்றன. கனசதுரத்தை நீக்கிவிட்டு ஓர் உருண்டையை வைத்தான். அதன் மேற்பரப்பு நுண்ணிய கண்ணிகள் கொண்ட மீன்வலை போன்றது. சுட்டியை அழுத்தி நகர்த்தினால் மேடு எழுகிறது, பள்ளம் விழுகிறது, கரடு மழுங்குகிறது. குயவர் கையில் களிமண் படுவதுபோல் அவ்வலை வளைந்து கொடுக்கிறது. கண்ணி பெரிதாயின் நுணுக்கம் வராது. மிகச் சிறிதாயின் கணினி மூச்சுத் திணறி நின்றுவிடும்.

பின்னர், தான் செய்த தேவமாதாவின் முகத்தைக் காட்டினான். இமை மயிர், உதட்டின் வரி, முக்காட்டின் சரிகை என எல்லாம் இருந்தன. "பக்கவாட்டில் திருப்பு" என்றேன். திருப்பினான். பின்மண்டையே இல்லை! சுவரில் தட்டிய வரட்டியைப் போல் தட்டையாக இருந்தது முகம். பையனுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

தலையை அமைக்குமுன் இமையைச் செதுக்கியதே பிழை. இதைச் சொல்லிப் புரியவைப்பதைவிடக் காட்டுவது நலம் எனத் தோன்றவே, பங்கு இளைஞர் சிலரோடு அவனையும் செங்கற்பட்டு வழியாக மாமல்லபுரம் அழைத்துச் சென்றேன். எல்லாரும் பார்க்கும் ஐந்து ரதங்களைக் காட்டிலும், ஊரின் மேற்கே உள்ள பிடாரி ரதங்களையும் வலையன்குட்டை ரதத்தையுமே அவனுக்குக் காட்ட விரும்பினேன். இவை முற்றுப்பெறாதவை. மேற்பகுதி உருப்பெற்றிருக்க, அடிப்பகுதி இன்னும் பாறையாகவே நிற்கிறது. முடிவுறாத குடைவரைகளிலோ பாறையைச் சதுரம் சதுரமாகக் கோடிட்டு, கோட்டின் வழியே பள்ளமெடுத்து, நடுவில் எஞ்சிய மேடுகளைத் தட்டிப் பெயர்த்த அடையாளம் அப்படியே இருக்கிறது. பல்லவர் காலத்துச் சிற்பிகள் எந்த வரிசையில் வேலை செய்தனர் என்பதை, முடிந்த சிற்பம் மறைத்துவிடுகிறது. முடியாத சிற்பமே சொல்லித் தருகிறது. பையன் வெகுநேரம் அங்கேயே நின்றான். மற்றவர்கள் கடற்கரைக்குப் போய்விட்டார்கள்.

அதே ஊரில் 1957இல் தொடங்கிய அரசுச் சிற்பக்கலைக் கல்லூரி இன்றும் பட்டப்படிப்பு நடத்துகிறது. கன்னியாகுமரியில் 2000ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் திறக்கப்பட்ட, பீடத்தோடு சேர்த்து 133 அடி உயரமுள்ள வள்ளுவர் சிலையை அமைத்த கணபதி ஸ்தபதி அக்கல்லூரியின் தலைவராய் இருந்தவர். சிற்ப நூல்கள் முக நீளத்தை ஒரு தாலம் எனக் கொண்டு, அதைப் பன்னிரண்டு அங்குலமாகப் பகுத்து, உடல் முழுவதையும் அந்த அளவாலேயே அளக்கும். ஊர் திரும்பிய பையன், தன் திரையில் ஒரு தாலக் கோலை உண்டாக்கி வைத்துக்கொண்டு அளக்கத் தொடங்கினான். முதலில் முட்டை வடிவில் தலை, பிறகு கழுத்து, தோள். கண் இல்லை, மூக்கு இல்லை. மூன்று வாரம் இமைப்பக்கமே போகவில்லை.

அடுத்து வந்தது ஒளி. செதுக்கிய உருவைப் படமாக்குவதை ரெண்டரிங் என்கின்றனர். இதில் கணினி செய்யும் வேலை வியப்புக்குரியது. காமிராவிலிருந்து கற்பனையான கதிர்களை அனுப்பி, அவை எதன்மேல் பட்டு எங்கே தெறித்து, எந்த விளக்கைச் சேர்கின்றன என்று கணக்கிடுகிறது. திரையை நிறைக்கும் சாதாரணப் படம் ஒன்றில் 20 இலட்சத்துக்கும் மேற்பட்ட புள்ளிகள் உண்டு. ஒவ்வொரு புள்ளிக்கும் நூற்றுக்கணக்கான கதிர்கள். கதிர்களைக் குறைத்தால் படம் ரவை தூவியதுபோல் பொரிப்பொரியாய் வரும். பழைய மடிக்கணினிக்கு ஒரு படத்துக்கு ஓரிரவு ஆகும். இடையில் மின்சாரம் போயிற்றா, பழைய பாட்டரியும் கைவிட்டுவிடும், மீண்டும் முதலிலிருந்து! நம் பக்கத்துக் கோடையில் இது எத்தனை முறை நடந்திருக்கும் என்பதை வாசகர் ஊகித்துக்கொள்ளலாம்.

அவனோ நான்கு புறமும் விளக்கை வைத்து, மாதாவின் முகத்தை வெளுத்த மாவுருண்டை ஆக்கியிருந்தான். ஒரு மாலை கோவிலின் குழல்விளக்குகளை அணைத்துவிட்டு, மேற்குச் சன்னல் ஒன்றை மட்டும் திறந்து வைத்தேன். அந்தோணியார் சுரூபத்தின் ஒரு கன்னம் ஒளியிலும் மறு கன்னம் நிழலிலும் இருந்தன. நாள்தோறும் பார்த்த அந்த முகத்தில் அப்படியொரு கனிவு இருப்பதை நானே அன்றுதான் கண்டேன். பையன் வீட்டுக்குப் போய் மூன்று விளக்குகளை நீக்கினான். பாஸ்கா திரியின் சுடரையடுத்த மெழுகு உள்ளிருந்தே ஒளிர்வதையும் காட்டினேன். மனிதத் தோலும் அவ்வாறே சிறிது ஒளியை உள்வாங்கி வெளிவிடுகிறது. கணினிச் சிலை பிணம்போல் தோன்றாதிருக்க அதையும் கணக்கில் சேர்க்க வேண்டுமாம்.

இதெல்லாம் வீண் விளையாட்டு என எண்ணுவோர்க்கு ஒரு செய்தி. 1972 மே 21, பெந்தகோஸ்து ஞாயிறன்று, உரோமைப் பேதுரு பேராலயத்தில் ஒருவன் சுத்தியலால் மைக்கேல் ஆஞ்சலோவின் 'பியெத்தா'வைத் தாக்கினான். தேவமாதாவின் இடக்கை ஒடிந்தது, மூக்கு சிதைந்தது. முன்பே எடுத்து வைத்திருந்த வார்ப்புப் பிரதியைத் துணைகொண்டு அதைச் சீராக்கினர். அச்சிற்பியின் தாவீது சிலையை 1998-99 அளவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் லேசர் ஒளியால் அளந்து கணினியில் பதித்தனர். நம் அந்தோணியாரின் வலக்கை விரல்கள் உடைந்து எத்தனையோ ஆண்டுகள் ஆயின. விழுந்த துண்டுகளும் இல்லை. பழைய நிழற்படம் ஒன்றே உண்டு.

இனிச் சங்கிலிக்கு வருவோம். பிளெண்டர் இலவசமானது. நெதர்லாந்தின் டோன் ரோசெண்டால் தொடங்கிய இம்மென்பொருளை, நிறுவனம் மூடப்பட்டபோது மக்கள் ஏழே வாரத்தில் ஓர் இலட்சம் யூரோ திரட்டி மீட்டனர். 2002 அக்டோபர் முதல் அது எல்லார்க்கும் பொது. அதில் ஆக்கப்பட்ட 'ஃப்ளோ' என்ற லாட்விய நாட்டுப் படம் 2025 மார்ச்சில் ஆஸ்கர் பெற்றது. ஆனால் அதற்கு முந்தைய மாதந்தான் டெக்னிகலர் என்ற உலகப் பெருநிறுவனம் சரிந்து, பெங்களூரிலும் ஆயிரக்கணக்கான கலைஞர் ஒரே நாளில் தெருவுக்கு வந்தனர். ஆண்டுக்கணக்கில் தேர்ந்தவர்களுக்கே அந்நிலை என்றால், படிப்பு முடித்த அன்றே வேலை என்று எவர் உறுதி தர முடியும்?

இதை அத்தாயிடம் ஒளிக்காமல் கூறினேன். "அம்மா, ஓராண்டு இலவசமாகவே பழகட்டும். மாமல்லபுரக் கல்லூரிக்கும் விண்ணப்பம் போடட்டும். அதுவரை சங்கிலி உங்கள் கழுத்திலேயே இருக்கட்டும்." பையனுக்கு முகம் வாடிற்று. இரண்டு ஞாயிறு என்னோடு பேசவில்லை.

மூன்றாம் ஞாயிறு திருப்பலி முடிந்ததும், அளவு நாடாவோடு வந்து அந்தோணியார் பீடத்தருகே நின்றான். "ஃபாதர், இடது கையை அளந்துக்கட்டுமா?" என்றான். அன்றுமுதல் அக்கையைக் கணினியில் செய்து, அதை வலக்கையாகத் திருப்பி, நிழற்படத்தில் உள்ளபடி விரல்களை மடக்கிக்கொண்டிருக்கிறான். அது சரியாக அமைந்தால், அந்த அளவில் களிமண்ணில் செய்து பார்க்கலாம் என்பது எங்கள் எண்ணம். நான்கு விரல்கள் வந்துவிட்டன. கட்டைவிரல் இன்னும் வரவில்லை.