நட்சத்திரம் அணைந்தால் நமக்கு எப்போது தெரியும்?

பிள்ளைகளே, 1956இல் இலங்கைக்குக் குடிவந்து, 2008இல் கண்மூடும்வரை இங்கேயே வாழ்ந்த எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க். வானில் செய்மதிகளை நிறுத்தி உலகம் முழுவதற்கும் செய்தி அனுப்பலாம் என்று 1945இலேயே எழுதியவர். 1953இல் வெளிவந்த அவருடைய சிறுகதை ஒன்றின் பெயர் 'கடவுளின் 900 கோடிப் பெயர்கள்'.

திபெத்து மலையில் ஒரு மடம். கடவுளின் பெயர்கள் எல்லாவற்றையும் எழுதி முடித்தால் உலகின் வேலை முடிந்துவிடும் என்பது அங்குள்ள பிக்குகளின் நம்பிக்கை. 300 ஆண்டுகளாக எழுதுகிறார்கள். கையால் எழுதினால் 15,000 ஆண்டுகள் பிடிக்கும். கணினி வந்ததும் 100 நாள் போதும் என்றாகிறது. அதை இயக்க வந்த இருவருக்கும் இதில் நம்பிக்கையில்லை. ஒன்றும் நடக்காவிட்டால் பிக்குகள் கோபப்படுவார்களே என்று பயந்து, கடைசி நாளில் மட்டக்குதிரை ஏறி நழுவுகிறார்கள். வழியில் நிமிர்ந்து பார்த்தால், நட்சத்திரங்கள் ஒவ்வொன்றாக அணைகின்றன!

எத்தனை முறை வாசித்தாலும் எனக்குச் சிலிர்க்கும் கதை இது. ஆனாலும் கேட்டே ஆகவேண்டும்: அவை எப்போது அணைந்தன?

ஒளி வினாடிக்கு ஏறத்தாழ 3 இலட்சம் கிலோமீட்டர் ஓடும். அப்படி ஓடியும் சிரியஸ் என்ற நட்சத்திரத்தின் ஒளி நம்மை வந்து சேர 8.6 ஆண்டுகள் ஆகின்றன. ரோகிணியின் ஒளிக்கு 65 ஆண்டுகள். இன்றிரவு நீங்கள் காண்பது, உங்கள் அம்மாயி சின்னப் பிள்ளையாக இருந்த காலத்தில் புறப்பட்ட ஒளி. கார்த்திகைக் கூட்டத்துக்கு ஏறத்தாழ 440 ஆண்டுகள். 1867இல் நம் மலைநாட்டில் தேயிலைத் தோட்டம் தொடங்கியபோது, அந்த ஒளி பாதி வழியைத் தாண்டியிருந்தது.

அப்படியானால் கதையில் கார்த்திகை அன்றிரவு மறைய வேண்டுமானால், அது பிக்குகள் முதல் பெயரை எழுதுவதற்கும் முன்பே அணைந்திருக்க வேண்டும். வேலை தொடங்குமுன்னே பலன் எப்படி வரும்?

கதையில் மட்டுமல்ல, நிஜ வானிலும் நாம் காண்பது பழைய செய்திதான். தை மழை விட்டபின் பதுளையில் மாலை வானம் தெளியும். லயத்து வாசலில் நின்றே சிவப்பான திருவாதிரையைப் பார்க்கலாம். 2019 கடைசியில் அது மங்கத் தொடங்கியது. வெடிக்கப்போகிறது என்று உலகமெங்கும் பேச்சு. வானியலாளர்கள் சிலி நாட்டுப் பெருந்தொலைநோக்கியால் படமெடுத்து ஆராய்ந்தார்கள். நட்சத்திரம் கக்கிய வாயு குளிர்ந்து தூசியாகி, அதன் முகத்தில் ஒரு பகுதியை மறைத்திருந்தது. 2020 ஏப்ரலுக்குள் பழைய வெளிச்சம் திரும்பியது. அந்தத் தூசி எழுந்ததும் பல நூறு ஆண்டுகளுக்கு முன் நடந்ததுதான்.