வாடகை வீட்டுக்கு ஒரு நிர்வாகி வேண்டுமா?

1983ஆம் ஆண்டின் பின்னர் கிழக்கு பேர்லின் ஊடாகவும் பிற வழிகளாலும் ஜேர்மனியை வந்தடைந்த எம்மவருக்கு, ஒரு காலத்தில் வீடு என்பது அகதி முகாமின் ஒரு கட்டிலும் ஓர் இரும்பு அலுமாரியுமே. அவர்களுட் சிலர் தொழிற்சாலைகளிலும் உணவகச் சமையலறைகளிலும் உழைத்துச் சேமித்த பணத்தில், தாம் குடியிருக்கும் வீட்டுக்கு மேலதிகமாக ஒரு தொடர்மாடி வீட்டையும் வாங்கி வாடகைக்கு விட்டுள்ளனர். முதுமைக்கு அது துணையாகும் என்பது அவர்களது கணக்கு. ஆயின், வாங்கும்போது பார்த்த கணக்கை அதனை நிர்வகிக்கும்போதும் பார்க்கின்றோமா?

எனது குடும்பத்தின் அனுபவத்தையே கூறுகின்றேன். ரூர் பிரதேசத்தில் நாம் வாங்கிய சிறு வீட்டின் அலுவல்களை உறவினர் ஒருவர் கவனித்து வந்தார். எழுத்தில் ஒன்றும் இல்லை. டொச் மொழிக் கடிதங்களை என் மகன் வாசித்துச் சொல்வான். அவன் தொழில் நிமித்தம் வேறு நகரம் சென்ற ஆண்டில், குடியிருப்பாளருக்கு அனுப்பவேண்டிய செலவுக்கணக்கு மேசை இலாச்சியிலேயே கிடந்துவிட்டது. அவர் எமக்கு 430 யூரோ தரவேண்டியிருந்தது. காலங்கடந்து அனுப்பினோம். தரவேண்டிய கடப்பாடு தமக்கில்லை என்று அவர் மரியாதையாகப் பதில் எழுதினார். சட்டம் அவர் பக்கமே நின்றது.

ஜேர்மானியக் குடியியற் சட்டக்கோவையின் 556ஆம் பிரிவின்படி, ‘நேபன்கோஸ்ரன்’ எனப்படும் மேலதிகச் செலவுகளின் ஆண்டுக்கணக்கு, கணக்காண்டு முடிந்து 12 மாதங்களுக்குள் குடியிருப்பாளரின் கையை அடைதல் வேண்டும். தாமதம் எமது தவறன்று என நிறுவமுடியாவிடின், மிகுதிப் பணத்தைக் கேட்கும் உரிமை அற்றுப்போகின்றது. நாம் அவருக்குத் திருப்பிக் கொடுக்கவேண்டிய பணமோ அவ்வாறு அற்றுப்போவதில்லை.

இங்கு பலர் மயங்கும் ஓர் இடமுண்டு. தொடர்மாடிக் கட்டிடத்துக்கு ஏற்கெனவே ஒரு நிர்வாகி இருக்கின்றாரே, அவரே எல்லாவற்றையும் பார்ப்பார் என எண்ணுகின்றனர். அவர் கூரை, படிக்கட்டு, வெப்பமூட்டும் இயந்திரம் போன்ற பொதுச்சொத்துக்கே பொறுப்பாளர். உங்கள் வீட்டில் வாடகைக்கு இருப்பவர் அவரது பொறுப்பில் இல்லை. அதற்குத் தனியான ஒப்பந்தம் வேண்டும். கட்டிட உரிமையாளர் கூட்டம் தனது கணக்கை இன்னும் ஏற்றுக்கொள்ளவில்லை என்பது மட்டும் போதிய சாட்டாகாது என்று கூட்டாட்சி நீதிமன்றம் 2017ஆம் ஆண்டில் தீர்ப்பளித்துள்ளது.

செலவு எவ்வளவு? மாதம் 30 யூரோ என வைத்துக்கொண்டால், ஆண்டுக்கு 360 யூரோ. மாத வாடகை 500 யூரோவாயின், அது ஆண்டு வாடகையில் நூற்றுக்கு ஆறு வீதமாகும். நிர்வாகச் செலவைக் குடியிருப்பாளர் தலையில் சுமத்தச் சட்டம் இடந்தராது. ஆயினும் வருமானவரிக் கணக்கில் வாடகை வருமானத்திலிருந்து அதனைக் கழித்துக்கொள்ளலாம்.

வீடு நடைதூரத்தில் இருந்து, கடிதங்களைத் தாமே வாசித்து எழுத வல்லவராயின், ஒரு வீட்டுக்கு நிர்வாகி அவசியமில்லை. வீட்டு உரிமையாளர் சங்கமொன்றில் அங்கத்துவம் பெற்று ஆலோசனை கேட்டுக்கொள்ளலாம். வீடு தொலைவில் இருந்தாலோ, இரவு வேலையும் மொழித் தடையும் இருந்தாலோ, நிர்வாகியை அமர்த்துவதே புத்தி.

அமர்த்துமுன் சிலவற்றைக் கேளுங்கள். 2018 ஓகஸ்ட் மாதம் முதல் இத்தொழிலுக்கு அனுமதிப்பத்திரமும், ஒரு சம்பவத்துக்குக் குறைந்தது 500,000 யூரோவுக்கான பொறுப்புக் காப்புறுதியும் கட்டாயமாக்கப்பட்டன. அவற்றைக் காட்டும்படி கேட்பதில் வெட்கமில்லை. மாதக் கட்டணத்துள் எவை அடங்கும், எவற்றுக்குத் தனிக்கட்டணம் என்பதை எழுத்தில் பெறுங்கள். வாடகைப்பணம் உங்கள் பெயரிலுள்ள கணக்குக்கே வரட்டும். வாடகை உயர்வு, வீட்டைவிட்டு எழுப்புதல், பெருந்திருத்தம் ஆகிய மூன்றும் உங்கள் எழுத்துமூலச் சம்மதமின்றி நடைபெறலாகாது.

‘கவுற்சியோன்’ எனும் வைப்புப்பணம் பற்றியும் ஒரு சொல். அது செலவுகள் நீங்கலான மூன்று மாத வாடகைக்கு மேற்படலாகாது. அப்பணம் எமதன்று. எமது பணத்துடன் கலவாது தனியே வைக்கப்படவேண்டும். பெட்டியுடன் வீடு தேடி அலைந்த எமக்கு, இன்னொருவரின் முற்பணம் எவ்வளவு பெறுமதியுடையது என்பதை எவரும் கற்பிக்கத் தேவையில்லை.

நாம் இறுதியில் நிர்வாகி ஒருவரை அமர்த்தினோம். எனினும் ஒரு கொப்பியில் திகதிகளைக் குறித்து, மாதந்தோறும் நானே சரிபார்க்கின்றேன். பன்னிரண்டு வயதில் தொடங்கி எமக்காகக் கடிதம் வாசித்த மகன், இப்பொழுது விடுமுறைக்கு வந்தால் கடிதக்கட்டைத் தேடாமல் தாயுடன் உட்கார்ந்து பேசுகின்றான். உறவினரும் மனத்தாங்கலின்றி உறவினராகவே வந்து போகின்றார். 430 யூரோ கொடுத்து நாம் கற்றதை, வாசகர்களே, நீங்கள் இலவசமாகவே கற்றுக்கொள்ளலாம்.