ஆலமரத்தடி, ஏரிக்கரை, ரேஞ்ச் ஆபீஸ்... வாச்சாத்திப் பெண்களைப் பயமுறுத்திய இடங்கள்!

`எந்த இடத்துல உங்களுக்கு ரொம்பப் பயமா இருந்துச்சு?’

பெண்களிடம் இப்படிக் கேட்டுப் பாருங்கள். கடைசி பஸ்ஸும் போய்விட்ட பேருந்து நிலையம், விளக்கு எரியாத சந்து, ஆள் நடமாட்டமில்லாத மாடிப்படி, தாழ்ப்பாள் இல்லாத பொதுக் கழிப்பறை என்று பதில்கள் வரும். இருட்டு, தனிமை, முன்பின் தெரியாத ஆள். நம் பயங்கள் பெரும்பாலும் இந்த மூன்றையும் சுற்றித்தான் இருக்கின்றன.

தருமபுரி மாவட்டம், சித்தேரி மலையடிவாரத்தில் இருக்கும் வாச்சாத்தியின் பெண்கள் சொல்லும் இடங்கள் வேறு மாதிரியானவை. தினமும் புழங்கிய ஆலமரத்தடி. மாடு கன்று தண்ணீர் குடித்த ஏரி. அரசாங்க அலுவலகம். சொந்த வீடு. அங்கே அவர்கள் தனியாக இல்லை. ஊரே கூட இருந்தது. சுற்றி நின்றவர்கள் அரசுச் சம்பளம் வாங்கும் அதிகாரிகளும் காவலர்களும்.

வாச்சாத்தி வழக்கு என்று செய்திகளில் படித்திருப்போம். என் வயதில் இருக்கும் பலர், அது நடந்தபோது பிறந்திருக்கவே இல்லை. ஆனாலும் பெண்களின் பாதுகாப்பு பற்றிப் பேசும்போதெல்லாம் இந்த ஊரை ஒருமுறை நினைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஏன் என்று பார்ப்போம்.

மலையும் சந்தனமும்

அரூரிலிருந்து சித்தேரிக்கு ஏறும் மலைப்பகுதியில் வாழ்கிறவர்களில் பெரும்பாலோர் மலையாளிப் பழங்குடியினர். பெயரைப் பார்த்து கேரளத்துக்காரர்கள் என்று நினைத்துவிட வேண்டாம். கல்வராயன் மலை, சேர்வராயன் மலை, ஜவ்வாது மலை, சித்தேரி மலை என வடதமிழகத்து மலைகளில் தலைமுறை தலைமுறையாக வாழும் தமிழ் பேசும் மக்கள். சாமையும் கேழ்வரகும் விதைத்து, ஆடு மாடு வளர்த்து, காட்டில் கிடைப்பதைச் சேகரித்துப் பிழைக்கிறவர்கள். அடிவாரத்து வாச்சாத்தியிலும் இவர்கள்தான் அதிகம்.

இந்தக் காடுகளில் சந்தன மரம் இயற்கையாகவே வளரும். விலை உயர்ந்த மரம் இருக்கும் இடத்துக்குக் கடத்தல்காரர்கள் வருவார்கள். அவர்களுக்குப் பின்னால் வனத்துறையும் வரும். 1990-களின் தொடக்கத்தில் வீரப்பன் பெயர் தினமும் செய்தியில் அடிபட்டுக்கொண்டிருந்தது. மலையில் வசிக்கும் ஏழைகள் எல்லோரையுமே சந்தேகக் கண்ணோடு பார்க்கும் நிலை. மரம் வெட்டிக் கொழுத்தவர்கள் எங்கோ இருக்க, சந்தேகம் மட்டும் குடிசைகளின் மேல் விழுந்தது.

ஆலமரத்தடி

1992 ஜூன் 20. வனத்துறையினர் 155 பேர், காவல் துறையினர் 108 பேர், வருவாய்த் துறையினர் 6 பேர் என மொத்தம் 269 பேர் வாச்சாத்திக்குள் நுழைந்தார்கள். பதுக்கிவைத்த சந்தனக் கட்டைகளைத் தேடுகிறோம் என்பது அவர்கள் சொன்ன காரணம்.

ஆண்களில் பலர் காட்டுக்குள் ஓடிவிட்டார்கள். ஊரில் மிஞ்சியவர்கள் பெண்கள், குழந்தைகள், வயதானவர்கள். அவர்களை வீடுகளிலிருந்து இழுத்து வந்து ஆலமரத்தடியில் உட்கார வைத்தார்கள்; அடித்தார்கள். ஒரு கிராமத்தில் ஆலமரத்தடி என்பது பஞ்சாயத்து பேசும் இடம், பிள்ளைகள் விளையாடும் இடம், களைத்து வருகிறவர் துண்டை விரித்துப் படுக்கும் இடம். அன்று அதுவே திறந்தவெளிச் சிறையானது.

ஏரிக்கரை

ஆலமரத்தடியில் இருந்த பெண்களில் இளம் பெண்களாகப் பார்த்து 18 பேரைப் பிரித்தார்கள். சந்தனக் கட்டை எங்கே இருக்கிறது என்று காட்டச் சொல்லி ஏரிப் பக்கம் கொண்டுபோனார்கள். அங்கே அந்த 18 பேரும் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். அவர்களில் பள்ளிக்கூட வயதுச் சிறுமியும் இருந்தாள்.

இதற்கு மேல் விவரிக்கத் தேவையில்லை. அந்தப் பெண்கள் நீதிமன்றத்தில் இதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்வோம்.

ரேஞ்ச் ஆபீஸ், சிறை, சொந்த வீடு

நமக்கு ஓர் ஆபத்து வந்தால் ஓடிப்போய் நிற்க ஒரு கட்டடம் இருக்கிறது என்று நம்புகிறோம். காவல் நிலையம், அரசு அலுவலகம், நீதிமன்றம் இப்படி ஏதோ ஒன்று. வாச்சாத்திப் பெண்களுக்கு அந்த நம்பிக்கையும் அன்றிரவே போனது. அரூர் வனச்சரக அலுவலகத்துக்கு, ஊர்க்காரர்கள் சொல்வதுபோல் சொன்னால் ரேஞ்ச் ஆபீஸுக்கு, அவர்களைக் கொண்டுபோனார்கள். அடியும் அவமானமும் அங்கேயும் தொடர்ந்தன. ஊர்ப் பெரியவரான ஊர்க்கவுண்டரை, அந்த ஊர்ப் பெண்களைக் கொண்டே அடிக்க வைத்தார்கள்.

அதன்பிறகு வழக்கு, சிறை. சிறைக்குப் போனவர்களில் 90 பேர் பெண்கள், 28 பேர் குழந்தைகள். பாதிக்கப்பட்டவர்களே குற்றவாளிகளாகக் கணக்கில் ஏறினார்கள். புகார் கொடுக்க வேண்டிய இடத்தில் இருந்தவர்கள்தான் குற்றம் செய்தவர்கள் என்றால், யாரிடம் போய்ச் சொல்வது?

ஊருக்குள் வீடுகள் இடிக்கப்பட்டன. பண்ட பாத்திரங்கள் நொறுக்கப்பட்டன. சேமித்து வைத்த தானியம் வீணாக்கப்பட்டது. ஆடு, கோழிகள் அடித்துச் சாப்பிடப்பட்டன. குடிநீர்க் கிணறும் பாழாக்கப்பட்டது. திரும்பி வர நினைத்தாலும், வந்து தங்க வீடு இல்லை, குடிக்கத் தண்ணீர் இல்லை என்ற நிலை. காட்டுக்குள் ஓடியவர்கள் ஊர் திரும்பவே பயந்தார்கள்.

`பார்த்தது நாங்கள்!’

தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சியும் அடுத்த மாதமே இந்தப் பிரச்னையைக் கையில் எடுத்தன. சங்கத்தைச் சேர்ந்த பெ.சண்முகம் இதில் முன்னின்றார். கட்சியின் அப்போதைய மாநிலச் செயலாளர் ஏ.நல்லசிவன் நீதிமன்றத்தை நாடினார். தேசிய தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் ஆணையத்தின் சார்பில் விசாரித்த அதிகாரி பாமதி, மக்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது என்று அறிக்கை கொடுத்தார். அரசுத் தரப்போ அப்படி எதுவும் நடக்கவில்லை என்றது.

1995-ல் சென்னை உயர் நீதிமன்றம் வழக்கை சி.பி.ஐ-யிடம் ஒப்படைத்தது. ஊருக்குள் நுழைந்த 269 பேர் மீதும் குற்றப்பத்திரிகை தாக்கலானது. பெரிதாகப் படிக்காத, கோர்ட் வாசலை அதற்கு முன்பு மிதித்திராத பெண்கள், வரிசையில் நிறுத்தப்பட்ட ஆட்களைப் பார்த்து, `இவர்தான்’ என்று அடையாளம் காட்டினார்கள். வக்கீல்களின் குறுக்கு விசாரணைக்கு நடுவிலும் சொன்ன சொல்லில் நின்றார்கள்.

இதற்கிடையில் சிலருக்குக் கல்யாணம் ஆனது, பிள்ளைகள் பிறந்தார்கள், அந்தப் பிள்ளைகள் பள்ளிக்கூடமும் முடித்தார்கள். வழக்கு மட்டும் முடியவில்லை. குற்றம் சாட்டப்பட்டவர்களில் 54 பேர் தீர்ப்புக்கு முன்பே இறந்துபோனார்கள்.

2011 செப்டம்பர் 29. தருமபுரி மாவட்ட முதன்மை நீதிமன்றம், உயிரோடு இருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது. அவர்களில் வனத்துறையினர் 126 பேர், காவல் துறையினர் 84 பேர், வருவாய்த் துறையினர் 5 பேர். பாலியல் வன்கொடுமைக் குற்றத்துக்காக 17 பேருக்கு 7 முதல் 10 ஆண்டுகள் வரை சிறை. ஐ.எஃப்.எஸ் அந்தஸ்தில் இருந்த உயரதிகாரிகளும் தண்டனையிலிருந்து தப்பவில்லை.

மேல்முறையீடு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. நீதிபதி பி.வேல்முருகன், தீர்ப்பு சொல்லும் முன் 2023 மார்ச் மாதம் நேரில் வாச்சாத்திக்கே வந்து இடங்களைப் பார்த்தார். ஆலமரத்தடியும் ஏரியும் வெறும் சாட்சிய வார்த்தைகளாக இல்லாமல், ஒரு நீதிபதி நடந்து பார்த்த இடங்களாயின. அதே 2023-ல், செப்டம்பர் 29 அன்று, அதாவது முதல் தீர்ப்பு வந்து சரியாக 12 ஆண்டுகள் கழித்து, தண்டனைகளை அவர் உறுதிசெய்தார்.

பாதிக்கப்பட்ட 18 பெண்களுக்கும், இறந்தவர்கள் என்றால் அவர்களின் குடும்பத்துக்கும், தலா 10 லட்சம் ரூபாய் இழப்பீடு. அதில் பாதியைப் பாலியல் வன்கொடுமைக் குற்றவாளிகளிடமிருந்து வசூலிக்க வேண்டும். அரசு வேலை அல்லது சுயதொழிலுக்கு ஏற்பாடு செய்ய வேண்டும். அந்தச் சமயத்தில் பொறுப்பில் இருந்த மாவட்ட ஆட்சியர், காவல் கண்காணிப்பாளர், மாவட்ட வன அதிகாரி ஆகியோர் மீதும் நடவடிக்கை எடுக்க வேண்டும். இவையும் அந்தத் தீர்ப்பில் இருந்தன. சம்பவம் நடந்து அப்போது 31 ஆண்டுகள் ஆகியிருந்தன.

இது வாச்சாத்திக் கதை மட்டுமா?

அதற்கு 20 ஆண்டுகளுக்கு முன்பே, 1972-ல் மகாராஷ்டிரத்தின் தேசாய்கஞ்ச் காவல் நிலையத்தில் இப்படி ஒன்று நடந்தது. விசாரணைக்கு வந்த ஆதிவாசிச் சிறுமியைக் காவலர்கள் இருவர் சீரழித்ததாக வழக்கு. `மதுரா வழக்கு’ என்று சட்டப் புத்தகங்களில் படிப்பார்கள். உடம்பில் காயம் இல்லை, அவள் எதிர்க்கவில்லை என்று சொல்லி உச்ச நீதிமன்றம் காவலர்களை விடுவித்தது. 1979-ல் நான்கு சட்டப் பேராசிரியர்கள் அந்தத் தீர்ப்பைக் கேள்வி கேட்டு எழுதிய திறந்த மடல் நாடு முழுக்கப் பெண்களைத் தெருவுக்குக் கொண்டுவந்தது.

அதன் பலனாக 1983-ல் சட்டம் திருத்தப்பட்டது. காவலில் இருக்கும் பெண்ணிடம் அதிகாரத்தில் இருப்பவர் நடத்தும் பாலியல் வன்கொடுமை தனிக் குற்றமானது. உறவு நடந்தது நிரூபணமாகி, `எனக்குச் சம்மதமில்லை’ என்று அந்தப் பெண் சொன்னால், சம்மதமில்லை என்றே நீதிமன்றம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்றும் வந்தது. இவ்வளவு இருந்தும் 1992-ல் வாச்சாத்தி நடந்தது. சட்டம் புத்தகத்தில் இருந்தால் மட்டும் போதாது, அதைக் கையில் எடுத்துக் கேட்க ஆள் வேண்டும் என்பதைத்தான் இது காட்டுகிறது.

காட்டைப் பற்றிய பயம் இந்த மலையில் ஆண்களுக்கும் உண்டு. 2015 ஏப்ரல் 7 அன்று, ஆந்திராவின் சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று சொல்லி, தமிழகத் தொழிலாளர்கள் 20 பேரை ஆந்திர அதிரடிப்படை சுட்டுக் கொன்றது. அவர்களில் சித்தேரி மலைக் கிராமங்களைச் சேர்ந்தவர்களும் இருந்தார்கள். மரம் சந்தனத்திலிருந்து செம்மரமானது, மாநிலம் மாறியது. குண்டடி பட்டது மட்டும் அதே ஏழை மலைவாசிதான்.

நாம் ஓர் இடத்தைப் பாதுகாப்பானது என்று எதை வைத்துச் சொல்கிறோம்? விளக்கு இருக்கிறதா, கேமரா இருக்கிறதா, பக்கத்தில் போலீஸ் இருக்கிறதா என்று பார்க்கிறோம். இவை எல்லாம் வேண்டியவைதான். ஆனால், அங்கே அதிகாரத்தோடு நிற்கிற ஆள் தப்பு செய்தால் அவரையும் கேள்வி கேட்க முடியும் என்ற நிலை இருந்தால்தான் அது பாதுகாப்பான இடம். வாச்சாத்திப் பெண்கள் 31 ஆண்டுகள் விடாமல் நின்று நிலைநாட்டியது அதைத்தான்.

தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்!

* சூரியன் மறைந்த பிறகும், உதிப்பதற்கு முன்பும் பெண்களைக் கைது செய்யக் கூடாது. தவிர்க்கவே முடியாத சூழலில், பெண் காவல் அதிகாரி மாஜிஸ்திரேட்டிடம் முன் அனுமதி பெற வேண்டும்.

* சாட்சியாக விசாரிக்க வேண்டும் என்றால், பெண்களைக் காவல் நிலையத்துக்கு வரச்சொல்லக் கூடாது. அவர்கள் வசிக்கும் இடத்துக்கு வந்துதான் விசாரிக்க வேண்டும்.

* கைது செய்யப்பட்ட யாரையும், பயண நேரம் நீங்கலாக, 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். அடித்தாலோ மிரட்டினாலோ அந்த மாஜிஸ்திரேட்டிடமே சொல்லலாம்.

* பாலியல் குற்றப் புகாரை எந்தக் காவல் நிலையத்திலும் கொடுக்கலாம். `இது எங்க எல்லை இல்லை’ என்று திருப்பி அனுப்ப முடியாது. வழக்கு பதிய மறுக்கும் அதிகாரிக்கும் சிறைத் தண்டனை உண்டு. வாக்குமூலத்தைப் பெண் அதிகாரிதான் பதிவு செய்ய வேண்டும்.

* பாதிக்கப்பட்டவருக்கு அரசு மருத்துவமனையோ தனியார் மருத்துவமனையோ உடனே இலவசமாக முதலுதவியும் சிகிச்சையும் தர வேண்டும்.

* பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமான வரம்பு இல்லாமல் இலவச சட்ட உதவி உண்டு. அழைக்க வேண்டிய எண் 15100. பெண்கள் உதவி மையம் 181, குழந்தைகளுக்கு 1098, அவசரத்துக்கு 112.

இந்த எண்களை உங்கள் போனில் மட்டும் சேமித்து வைக்காமல், வீட்டு வேலைக்கு வரும் அக்காவிடமும், பக்கத்து வீட்டுப் பாட்டியிடமும், காலேஜ் போகும் தங்கையிடமும் சொல்லி வையுங்கள். வாச்சாத்திப் பெண்களிடம் 1992-ல் இப்படி எந்த எண்ணும் இல்லை.